கவிழ்த்து வைத்த கோப்பை

2006 பிப்ரவரி 12, ஞாயிறு. காலை ஆறு மணிக்கு எழுந்து, குளித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, ஏழே காலுக்குக் கரையில் இறங்கினேன். நான் வேலை பார்த்த உல்லாசப் படகு அந்தக் கரீபியன் தீவில் நின்றிருந்தது. எனக்கு இரண்டு நாள் விடுமுறை. முதல் நாளான சனிக்கிழமை கோட்டை, மீன் சந்தை எல்லாம் சுற்றினேன். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றாவது பேசிவிட வேண்டும் என்றிருந்தேன்.

துறைமுகத்தை ஒட்டிய காபிக் கடையில் உட்கார்ந்தேன். மேசையில் வெறும் கோப்பை இருந்தது. விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் பதினோரு வருடம் இருந்தவன் நான். எந்தக் கோப்பையைக் கண்டாலும் திருப்பி, அடியில் செய்தவர் பேர் போட்ட முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன். இதில் இல்லை. அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டேன்.

கடைக்கார அம்மா மற்ற மேசைகளில் காபி ஊற்றினார், சிரித்துப் பேசினார். என்னை மட்டும் மூன்று முறை கடந்து போனார். நாற்பது நிமிடம் கழித்து நான் எழுந்தபோதுதான் ஆங்கிலத்தில் கேட்டார்.

"வேண்டாம்னுதானே கவிழ்த்து வச்சீங்க?"

அடியில் பேர் தேடும் எங்கள் ஊர்ச் சூளைப் பழக்கத்தைச் சொன்னேன்.

"எங்க கப்புல பேரெல்லாம் கிடையாதுங்க, காபிதான் இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே ஊற்றினார். அதற்குள் அவர் தேவாலயத்துக்குப் போக நேரமாகிவிட்டது. "நாளைக்கு வாங்க, உங்க ஊரைப் பத்திச் சொல்லுங்க" என்று கடையை மூடினார். மறுநாள் காலையிலேயே படகு புறப்படுவதை நான் சொல்லவில்லை.

மறுநாள் ஐந்தரைக்கு எழுந்ததும், படகுச் சமையலறையில் நான் எப்போதும் கவிழ்த்தே வைக்கும் என் கோப்பையை முதல் வேலையாக நிமிர்த்தி வைத்தேன்.