யாழ்ப்பாணத்துக்கு ஒரு மணித்தியாலம், சட்டைக்கு மூண்டாவது சைஸ்

இண்டைக்கு வெள்ளவத்தையில அந்தச் சின்னப் பிள்ளையளின்ர உடுப்புக் கடைக்குத் திரும்பவும் போனனான். மகளுக்கு வாங்கின சட்டையை மாத்த. இது ரெண்டாந்தரம்.

மகள் யாழ்ப்பாணத்தில பிறந்தது நான் இங்க வந்த பிறகுதான். நான் கொழும்புக்கு வந்த கையோட சண்டையெண்டு யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டிப்போட்டாங்கள். இன்னும் அவளின்ர முகம் பார்க்கேல்லை. பிளேனில போகப் பாதுகாப்பு அமைச்சின்ர கிளியரன்ஸுக்கு எழுதிக் குடுத்திட்டு லொட்ஜில இருக்கிறன். நான் இருக்க இருக்க சட்டைதான் சின்னனாகுது.

போன தரம் கடைக்கார முஸ்லிம் நானா இல்லை. இண்டைக்கு நிண்டார்.

"புள்ளைய ஒருக்கா கூட்டிட்டு வாங்களேன் தம்பி, அளவு பாத்தே எடுக்கலாம்."

"யாழ்ப்பாணத்தில நிக்கிறா நானா."

"பிளேன்ல எவ்வளவு நேரம்?"

"ஒரு மணித்தியாலம்."

"அவ்வளவுதானா? நான் தெமட்டகொடைல இருந்து பஸ்ஸில கடைக்கு வர அதவிடக் கூட எடுக்குதே!"

சொல்லிப்போட்டு என்ர முகத்தைப் பார்த்தார். அவருக்கு விளங்கிட்டுது.

ஒரு வயசுச் சட்டை ஒண்டை மடிச்சுப் பையில வச்சார். பில்லில "ஏழு நாட்களுக்குள் மட்டுமே மாற்றலாம்" எண்டு அச்சடிச்சிருந்த வரியைப் பேனையால வெட்டி, பக்கத்தில கையெழுத்தும் வச்சுத் தந்தார்.

"இதத் தொலைச்சிராதீங்க தம்பி."

கொழும்பில தங்க எடுத்த பொலிஸ் பதிவுத் துண்டோட சேத்துப் பேர்ஸில வச்சிருக்கிறன்.

கிளியரன்ஸுக்குக் காத்திருக்கிற அப்பாமாரே, உங்கட சட்டை இப்ப எத்தினையாம் சைஸ்?