தாயம் விழுந்தால் ஓடிவிடுவான்

என் மேசை இழுப்பறையில் ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டை கிடக்கிறது. அக்காவின் கணவரான என் மச்சான், குமாரபாளையத்தில் தன் தறிப்பட்டறையில் உருட்டியவை. மாதம் ஒருநாள் மின்தடை, தறிகள் நிற்கும். அன்று மச்சானும் நானும் தறியோட்டுகிற இரண்டு பேரும் நூல் மூட்டைகள் மேல் உட்கார்ந்து, அவர் இணையத்தில் படித்துப் பிடித்துவந்த கற்பனைக் கதை விளையாட்டை ஆடுவோம். அவர் கதை சொல்வார்; நாங்கள் வீரர்கள். கூடவே கூலிக்கு வரும் துணையாட்கள். ஆபத்து வந்தால் அந்த ஆட்கள் நிற்பார்களா ஓடுவார்களா என்பதற்குப் பெரிய விதி இருந்தது. கூலி, மரியாதை, காயம், பயம் என்று கூட்டிக் கழித்து முடிப்பதற்குள் எதிரே நிற்கும் பூதத்துக்கே நரை விழுந்துவிடும்.

மச்சான் அதைச் சுருக்கினார். ஒரே உருட்டு, தாயம் விழுந்தால் நிற்பான். தாயம் என்றால் நல்லதுதானே என்று யோசிக்காமல் வைத்துவிட்டார். தாயம் எங்கே லேசில் விழுகிறது? துணையாட்கள் அத்தனை பேரும் ஓடிப்போக, பூதத்தின் முன்னால் நாங்கள் மட்டும் நின்றோம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அடுத்த மாதம் விதியைத் திருப்பிப் போட்டார்: தாயம் விழுந்தால் மட்டும் ஓடுவான்.

பிறகு துணி விற்காமல் தேங்கியது. தறியோட்டிகளில் ஒருவர் திருப்பூர் போய்விட்டார். மற்றவரும் கிளம்பப்போகிறார் என்று தெரிந்த பிறகு வந்த மின்தடை நாளில், மச்சான் கட்டையைத் தொடவே இல்லை. இனி யாரும் ஓட மாட்டார்கள், அதுதான் புது விதி என்றார். குரல் கெஞ்சியது. எனக்குப் பயமாக இருந்தது.

அந்தத் தறியோட்டி தலையைக் குனிந்தபடி சொன்னார்: "ஓடவே முடியாதுன்னா, நின்னவனுக்கு என்னங்க மதிப்பு?"

மச்சான் கட்டையை அவரிடம் நீட்டினார். அவர் உருட்டினார். தாயம்.

"இன்னொருக்கா உருட்டு சாமி" என்றார் மச்சான்.

இந்த முறை வேறு எண் விழுந்தது. மச்சான் முகத்தில் அப்படியொரு நிம்மதி. ஆனால் திங்கட்கிழமை அந்த மனிதர் வந்து, சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

நின்றுபோன தறிகளுக்கு நடுவே மச்சான் கட்டையை என் கையில் வைத்தார். "பின்னால வர்றவன் ஓடறதுக்கு விதி இருக்குது மாப்ள. முன்னால நிக்கறவன் ஓடறதுக்கு ஒண்ணுமே எழுதலியே."

இன்னும் அங்கேதான் இருக்கிறார். ஒரே ஒரு தறி. அவரே ஓட்டுகிறார், அக்கா தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறாள். அவருக்காக ஒருமுறை உருட்டிப் பார்க்கலாம் என்று சில நாள் இழுப்பறையைத் திறப்பேன். தாயம் விழுந்தால் அவரிடம் என்ன சொல்வது, விழாவிட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் மூடிவிடுவேன்.