பச்சைக் காருக்கு ஜப்பான் எஞ்சின் போட்ட பரமேஸ்

பரமேஸ் போய்விட்டாள். இன்று காலை ஆறரைக்கு, குளுவாங்கில், அவள் வீட்டில்.

பெயர் சொன்னால் பலருக்குத் தெரியாது. பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட், பச்சை நிறம்... அதை ஓட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்கு வருவாளே, அவள்தான்.

கையுறை ஃபேக்டரியில் பதினோரு வருஷம் நானும் அவளும் ஒரே மேசை. ஓவர்டைம் செய்தே அந்தக் காரை வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் லாபிஸ், பெக்கோக் என்று பக்கத்து ஊர்களுக்குக் கிளம்பிவிடுவோம். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், எங்கள் வாய் ஓயாது.

போன வருஷம் அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. இரண்டு மாதம் கழித்து, பெக்கோக் போகும் வழியில் எஞ்சினில் 'டொக்' என்று ஒரு சத்தம்... அவ்வளவுதான். லாரியில் ஏற்றித்தான் கொண்டுவந்தோம்.

மெக்கானிக் ஒளிக்காமல் சொன்னார். "ஒரிஜினல் எஞ்சின செய்யணும்னா சாமான் இங்கிலாந்துல இருந்து வரணும்க்கா. ஒரு வருஷம்கூட ஆகலாம். ஜப்பான் எஞ்சின் போட்டா அடுத்த மாசமே ஓட்டலாம்."

செய்தி பரவி, அவள் இருந்த பழைய கார் கிளப்பிலிருந்து மூன்று பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "ஒரிஜினல் எஞ்சின எடுத்துட்டா அப்புறம் அது வெறும் கூடு, மேடம். கொஞ்சம் பொறுங்க" என்றார் தலைவர்.

ஒப்புக்கொள்கிறேன், நானும் அன்று அவர்கள் பக்கம்தான் பேசினேன். "ஒரு வருஷம்தானே பரமேஸ், வெயிட் பண்ணு லா."

என்னையே பார்த்தாள். "எனக்கு ஒரு வருஷம் இருக்குன்னு நீ டாக்டர்கிட்ட கேட்டியா?"

தலைவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

மறுநாளே ஜப்பான் எஞ்சினுக்குச் சொல்லிவிட்டாள். எஞ்சின் மாற்றுவதற்கு ஜேபிஜே, அதுதான் சாலைப் போக்குவரத்து இலாகா, கேட்கும் பாரத்தைக்கூட அவளே நிரப்பினாள்.

கிளப் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து அவளைத் தூக்கினார்கள். அடுத்த கிளப் கூட்டத்துக்கு யாரும் அழைக்காமலே போனாள். காரை முதல் வரிசையில் நிறுத்தி, பானட்டைத் திறந்து வைத்தாள்.

"வாங்க, நல்லாப் பாத்துக்குங்க, ஜப்பான்தான். நான் ஓட்டிக்கிட்டு வந்தேன். உங்கள்ல எத்தனை பேரு லாரில ஏத்திக்கிட்டு வந்தீங்க?"

இவள் உட்கார்ந்து நிதானமாக நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினாள்.

கீமோவுக்கு ஜொகூர் பாரு ஆஸ்பத்திரி வரை அவளே ஓட்டுவாள். திரும்பும்போது நான். வாந்தி முட்டிக்கொண்டு வரும்போதும் பக்கத்து சீட்டிலிருந்து, "அலமாக், கியர ஒடைச்சிராதடி!"

போன மாதம் கடைசியாகப் பெக்கோக் போனோம். முன்பு கார் நின்றுபோன இடத்தைத் தாண்டியதும் கைதட்டினாள். சின்னப் பிள்ளை மாதிரி...

இன்று சாவு வீட்டில் ஒருவர் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "பாவம், நல்ல காரைக் கெடுத்துட்டாங்க."

இங்கே கமெண்டிலும் அதையே எழுத ஆள் வரும். எழுதாதீர்கள். ஒரிஜினல் எஞ்சின் அவள் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. கும்பிட ஆசைப்படுபவர்கள் அங்கே போய்க் கும்பிட்டுக்கொள்ளுங்கள்.

நாளை காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள். அவள் தங்கை சாவியை என் கையில் கொடுத்துவிட்டாள். பச்சைக் கார் முன்னால் போகும், நான் ஓட்டுவேன். வழி விடுங்கள்.

போ, பரமேஸ்... போ.