படத்தில் விழுந்த காக்கி

பாம்பன் பாலத்தில் ஏறிக் கடலைப் பார்த்துவிட்டால் போதும், நடுவழியில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்க இறங்கிவிடுவார்கள். ஊர்க்காவல் படை முருகலட்சுமி ஆறு வருடம் விசில் ஊதினாள், ஒருவரும் மதிக்கவில்லை. ஒருநாள் அந்த நெரிசலில் ஓர் ஆம்புலன்ஸ் அரைமணி நேரம் சிக்கி அலறியது. மறுநாளிலிருந்து, யார் படம் எடுத்தாலும் குறுக்கே போய் நின்றுகொண்டாள்.

“அக்கா, தள்ளுங்க. கடல் தெரியல.”

“கடல் அங்கனயேதான் கெடக்கும். நீங்க வண்டிய எடுங்க!”

காக்கிச் சட்டையோடு குடும்பப் படம் யாருக்கு வேண்டும்? முனகிக்கொண்டே கிளம்பினார்கள்.

இந்தத் தை அமாவாசைக் கூட்டத்திலும் ஆம்புலன்ஸ் வந்தது. ஓரிடத்திலும் நிற்காமல் பாலத்தைத் தாண்டிப் பறந்தது.

எத்தனையோ பேர் போனில் முருகலட்சுமி முறைத்துக்கொண்டு நிற்கிறாள். அன்று வாய்விட்டுச் சிரித்தாள். அதைப் படம் எடுக்கத்தான் பாலத்தில் ஒருவரும் நிற்கவில்லை.