மாப்பிள்ளைக்கு எழுந்து கொடுத்த நாற்காலி

இந்த நினைவு மலரை விரித்துப் பார்க்கும் சொந்தபந்தங்களுக்கும் சந்தைக்காரர்களுக்கும் தங்கை கும்பிட்டு எழுதுவது. எங்கள் அண்ணன் கண்மூடி ஓராண்டு ஆகிறது. எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்புவரைதான். மனதில் இருப்பதை அப்படியே வைக்கிறேன்.

அண்ணன் பிறந்தது மாரண்டஹள்ளிப் பக்கம். அப்பா சீக்கிரம் போய்விட்டார். பாலக்கோடு தக்காளிச் சந்தையில் அண்ணன் கூடை சுமந்துதான் எங்களுக்குக் கஞ்சி ஊற்றினார். அதே சந்தையில் பின்னாளில் சொந்த மண்டி வைத்தார். என்னைத் தக்காளி போடும் நல்ல குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்.

அவர் மண்டியில் ஒரு வழக்கம். யார் சரக்கு வந்தாலும் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பார். மேலே நல்ல பழமும் அடியில் சொத்தையும் இருந்தால் விடமாட்டார். வெளியூர் வியாபாரிகள் அவர் சொல்லை நம்பித் தொட்டுப் பார்க்காமலே லாரியில் ஏற்றுவார்கள். அது அவர் பெருமை. வாய் நெருப்பு, விட்ட சொல்லைத் திரும்ப எடுக்கவே மாட்டார். அது குறை. இரண்டையும் சொன்னால்தான் அவர் எங்கள் அண்ணன்.

என் மகள் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது எங்கள் பெட்டியையும் கவிழ்த்தார். அடியில் மழைக்கு வெடித்த பழம். சந்தை நடுவில் என் வீட்டுக்காரரைப் பார்த்து, “பொண்ணு குடுத்த வூட்டுக்கே அழுகலைக் கொண்டாந்தீங்களா மாப்ள?” என்று கேட்டுவிட்டார். ஜனம் சிரித்தது. இவர் பெட்டிகளை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தார். அந்த மனிதரைக் கல்யாணத்துக்கு அழைக்கப் போவதில்லை என்றார். தாய்மாமன் மாலை இல்லாமல் பெண் மணையில் உட்காருவதா? கல்யாணச் செலவை நினைத்து அந்தப் பெட்டியை அப்படி அடுக்கியது நான். இவருக்கு ஒன்றும் தெரியாது.

அண்ணன் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

“கொட்டுனப்பவே தெரியும் பாப்பா. காம்பு கீழ பாக்க அடுக்கறது நம்ம ஆத்தா கைப்பழக்கம். ஆனா வாயி அதுக்குள்ள முந்திக்கிச்சு.”

“அப்ப ஏங்கண்ணா அவங்ககிட்ட சொல்லலே?”

“உன்னைக் காட்டிக்குடுக்கச் சொல்றியா?”

ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். அது மட்டும் தன் வாயில் வராது என்றார். கண் கலங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மறுநாள் இவர் தாம்பூலத் தட்டோடு மண்டிக்கே கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன். வேறு யாரும் உட்காராத தன் நாற்காலியிலிருந்து அண்ணன் எழுந்தார். இவர் கையைப் பிடித்து அதில் உட்கார வைத்துவிட்டு, சந்தையே பார்க்கப் பக்கத்தில் நின்றுகொண்டார். கல்யாணத்துக்கு முதல் நாளே சீரோடு வந்து இறங்கினார்.

கடைசி இரண்டு மாதம் பக்கவாதம் வந்து அண்ணனுக்குப் பேச்சே போயிற்று. இவரைக் கண்டால் வாயை வாயை அசைப்பார். “எனக்குத் தெரியும் மச்சான், கஞ்சி ஆறுது, குடிங்க,” என்பார் இவர்.

மருத்துவமனைக்கு ஓடிவந்தவர்களுக்கும், காரியத்தில் கூட நின்றவர்களுக்கும், சந்தையை அரைநாள் மூடியவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அண்ணன் வாயில் வராத ஒரு வார்த்தையை ஒருநாளும் கேட்காத என் வீட்டுக்காரருக்கு, அண்ணன் சார்பில் தங்கையின் கும்பிடு.