அடுப்பில் படுத்த பூனை

மலைமேல் இருக்கும் கியா பார்ம் சந்தையில் எனக்கு மூன்று காய்கறிக் கடை, இரண்டு லாரி. படிப்பு நான்காவதோடு சரி. நேற்று விடியலில் பனிக்குள்ளிருந்து தேயிலை வறுபடும் மணம் மிதந்து வந்தது. கையிலிருந்த முட்டைக்கோஸோடு அப்படியே நின்றுவிட்டேன்.

எழுபதுகளில் எங்கள் தோட்டத்துத் தேயிலை பேக்டரி நொடித்து, மாதக்கணக்கில் தேயிலை வறுக்கும் அடுப்பு எரியவில்லை. மணமில்லாமல் பனி மட்டும் நாங்கள் குடியிருந்த தொழிலாளர் லயத்துக்குள் வந்து போகும். அரசாங்கம் பணம் கொடுக்காவிட்டால் பேக்டரியை மூடுவார்கள். லயத்து வீடும் போய்விடும். பார்வையிட அதிகாரி வருகிறார் என்றதும் எங்கள் ஆட்கள் கல்யாண வீடுபோலச் சுண்ணாம்பு அடித்து, தோரணம் கட்டி, மிஷின்களுக்குப் பொட்டும் வைத்துவிட்டார்கள்!

சுற்றிப் பார்த்த அதிகாரி மலாய் மொழியில் ஏதோ கேட்டார். மொழிபெயர்க்க நின்ற தோட்டத்துக் கணக்கர், எங்கள் கிராணியின் முகம் வெளுத்தது. "எல்லாம் நல்லாத்தானே இருக்கு, எதுக்குப் பணம்னு கேக்குறாரு."

அடுப்பு வேலை பார்த்த என் அப்பா திகைத்து நின்றார். சிறுமியான நான்தான் ஓடிப்போய் அடுப்புக் கதவை இழுத்துத் திறந்தேன். ஆறிப்போன சாம்பலில் என் பூனை, குட்டிகளோடு கண்மூடிக் கிடந்தது.

அப்பாவுக்கு வாய் வந்தது. "ஐயா, அடுப்பு எரிஞ்சா இதுக்குள்ள பூனை குட்டி போடுமாங்க?"

கிராணி மொழிபெயர்க்குமுன்பே அதிகாரி குனிந்து, ஒரு குட்டியை விரலால் தடவினார்.

குட்டிகள் துள்ளித் திரியும் பருவத்தில் பணம் வந்தது. அவற்றை என் மடியில் போட்டுவிட்டு அப்பா அடுப்பை மூட்டினார். பனியெல்லாம் மணத்தது.

அரசாங்கத்திடமே பணம் வாங்கித் தந்தவள் நான். இந்தச் சந்தையில் என்னிடம் யார் பேரம் பேசி ஜெயிப்பது?