பேர் கொடுத்துவிட்டுப் போன மாத்திரை

மூக்காயி என் சின்னம்மா. மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் பதினெட்டு வருடமாகப் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துவந்தாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுப்போகும் கைக்குழந்தைகள் எல்லாம் மாலைவரை அவள் பொறுப்பு. சொந்தப் பிள்ளை இல்லாதவளுக்கு அந்த வேலைதான் உயிர்.

கழுத்துக் கழலைக்காகத் தைரொயிட் சுரப்பியை எடுத்த பிறகு, தினமும் ஒரு தைரொக்சின் மாத்திரையில்தான் அவள் உடம்பு ஓடியது.

நான் குவைத் வேலையை முடித்துக்கொண்டு ஊர் வந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "என்ன சின்னம்மா, தொட்டில்ல நீங்க படுத்தா கயிறு அறுந்துரும் போல!" என்றேன். கூடவே, உடம்பு இளைக்கும் என்று பழப்படம் போட்ட மாத்திரை டின் ஒன்றையும் கொடுத்தேன். அதில் என்ன கலந்திருக்கிறது என்று நான் பார்க்கவில்லை.

அடுத்த இரத்தப் பரிசோதனையில், தைரொயிட் ஹோமோன் போதாதபோது ஏறும் டீ.எஸ்.எச். மிகக் குறைவாக இருந்தது. கண்டியில் அவளைப் பார்க்கும் டொக்டர் பொன்னுத்துரை, தைரொக்சின் கூடிவிட்டது என்று பாதியாகக் குறைத்தார்.

"வேற மருந்து ஏதும் எடுக்கிறீங்களோ?"

"இல்லீங்க சார்."

மறுமுறையும் அப்படியே. தைரொக்சினையே நிறுத்தச் சொன்னார்.

சின்னம்மா சுருண்டுபோனாள். முகம் ஊதியது. சித்திரை வெயிலிலும் கம்பளி போர்த்தினாள். ஒருநாள் சுவரில் சாய்ந்து தூங்கிவிட, தவழும் பிள்ளை ஒன்று வாசற்படிவரை போய்விட்டது. தோட்டத்துத் துரை அவளை நிறுத்திவிட்டு வேறு ஆளைப் போட்டார். "பிள்ளையத் தூக்க முடியலடி" என்று அழுதாள். எனக்கு டொக்டர்மேல் கோபம் கோபமாக வந்தது. அடுத்த முறை நானும் போனேன்.

இம்முறை டொக்டர் தைரொக்சினையும் அளந்து பார்த்திருந்தார். அதுவும் மிகமிகக் குறைவாக இருந்தது.

"இது குறைஞ்சால் டீ.எஸ்.எச். ஏறவேணும். ஏன் ஏறேல்ல? சாப்பிடுற எல்லாத்தையும் சொல்லுங்கோ."

"சோறு, ரொட்டி, பிளேன்டீ, இவ குடுத்த டின்னு மாத்திரை."

"மருந்து இல்லையெண்டீங்களே?"

"அது மருந்தா சார்? பிள்ள ஆசையாக் கொண்டாந்த சாமான்."

சின்னம்மா தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த டின்னை டொக்டர் எழுத்துக்கூட்டி வாசித்தார். தைரொயிட் ஹோமோன் உடம்பில் மாறிச் சிதையும்போது உண்டாகும் பொருள் ஒன்று அதில் இருந்தது.

"இது தலைக்குள்ள இருக்கிற பிட்யூட்டரியை ஏமாத்தும். ஹோமோன் தாராளமாய் இருக்கெண்டு நினைச்சு அது டீ.எஸ்.எச்.சைக் குறைச்சுப்போடும். ஆனால் மற்ற உறுப்புகளுக்கு இது போதாது."

சின்னம்மா கொஞ்சம் யோசித்தாள். "காலையில பிரட்டுல ஆளெண்ணும்போது பேரக் குடுத்துட்டு, கொழுந்தெடுக்க மலைக்குப் போகாம லயத்து வீட்டுல படுத்துக்குற ஆளு மாதிரி. கங்காணி பேர எண்ணிட்டு, ஆளு போதும்னுட்டாரு."

டொக்டர் சிரிக்கவில்லை. "நானும் பேரை மட்டும்தான் எண்ணினனான் அம்மா" என்றார்.

டின் மாத்திரை நின்றது, தைரொக்சின் மறுபடி தொடங்கியது. நான்கு மாதத்தில் பிள்ளைக்காம்பராவும் திரும்பக் கிடைத்தது. பார்க்கப் போனேன். சுவர்த் தட்டில் அந்த டின், கழுவித் துடைத்து, நிறைய அணையாடை ஊசிகளோடு இருந்தது.

"இதத் தூக்கி எறியலையா சின்னம்மா?"

"நீ கொண்டாந்ததுல்ல" என்றாள், தொட்டிலை ஆட்டிக்கொண்டே.

டொக்டர்மேல் பட்ட கோபமெல்லாம் என்மேல் திரும்பியது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.